முதல் ராக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு: எங்கே நிற்பது, எப்படிக் கேட்பது

மார்கழியில் சபாக்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ராக் கச்சேரி முதலில் வசதிக்குறைவாகத்தான் தோன்றும். நாற்காலி கிடையாது, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போய் அடையும் காப்பியும் முடித்துவிட்டு அதே இடத்தில் வந்து உட்காரும் சலுகையும் கிடையாது, குழு மேடையேறுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். ஆனாலும் ஒருமுறை போனவர்கள் மறுபடியும் போகிறார்கள். கல்யாண வீட்டில் தவிலுக்கு எதிரே கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, தொப்பியில் குச்சி விழும்போதெல்லாம் தம் நெஞ்சுக்கூடு அதிர்வதை உணர்ந்தவர்களுக்கு அதன் காரணம் ஓரளவு புரியும். வீட்டில் எத்தனை நல்ல ஒலிபெருக்கி வைத்திருந்தாலும் கிடைக்காத அந்த அதிர்வை, இருபதாயிரம் பேருடன் சேர்ந்து இரண்டு மணி நேரம் பெறுவதற்காகவே அவ்வளவு சிரமமும்.

அதை முழுதாகப் பெறுவதும், பெறும்போது காதையும் காலையும் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதும், மைதானத்தில் எங்கே நிற்கிறோம் என்பதைத்தான் பெரும்பாலும் பொறுத்திருக்கின்றன. இதை நான் தவறு செய்துதான் கற்றேன். நான் போன முதல் பெரிய கச்சேரி, 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிக்கா வாசித்தது. இரண்டு நாள் முன்னால் டெல்லியை அடுத்த குர்காவ்னில் அவர்கள் வாசிக்க இருந்த கச்சேரி, மேடைக்கு முன்னிருந்த தடுப்பு தாங்காமல் போனதால் ரத்தாகி, ஆத்திரமடைந்த கூட்டம் மேடையைச் சேதப்படுத்தியிருந்தது. பெங்களூரிலாவது நடக்குமா என்ற கவலையோடு சென்னையிலிருந்து ரயிலேறினோம். நடந்தது. நான்தான் புதுச் செருப்போடு, காதில் எதையும் வைக்காமல், முண்டியடித்து மேடையின் இடது ஓரத்தில் ஒலிபெருக்கி அடுக்குக்கு நேர்முன்னே போய் நின்றேன். டிரம்ஸும் பேஸ் கிடாரும் எலும்புவரை கேட்டன. பாடியவர் என்ன பாடினார் என்பது கடைசிவரை தெளிவாகக் கேட்கவில்லை. காதில் இரைச்சல் இரண்டு நாள் அடங்கவில்லை.

சீட்டு வாங்குமுன்

பெரிய கச்சேரிகளின் சீட்டு இப்போது செயலிகளிலும் இணையதளங்களிலும் மட்டுமே விற்கப்படுகிறது. புகழ்பெற்ற குழுவென்றால் விற்பனை தொடங்கும் நேரத்துக்கு முன்பே கணக்கைத் திறந்து, பணம் செலுத்தும் விவரங்களைப் பதிந்து, எந்த வகைச் சீட்டு வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு உட்கார வேண்டும். வரிசை நகர்ந்து நம் முறை வந்தபின் யோசிக்க நேரம் இராது. பிரிட்டிஷ் குழுவான கோல்ட்பிளே 2025 ஜனவரியில் நவிமும்பை டி.ஒய். பாட்டீல் விளையாட்டரங்கில் நடத்திய கச்சேரிகளுக்கு 2024 செப்டம்பரில் சீட்டு விற்றபோது விலை 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரை இருந்தது. விற்றுத் தீர்ந்த கையோடு அதே சீட்டுகள் வெளியே லட்சக்கணக்கில் பேரம் பேசப்பட்டன. அப்படி வெளியே வாங்கும் சீட்டு போலியாக இருக்கலாம், அல்லது ஒரே சீட்டின் குறியீடு நான்கு பேருக்கு விற்கப்பட்டிருக்கலாம். வாயிலில் முதலில் காட்டுபவர்தான் உள்ளே போவார். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் கச்சேரி அறிவிக்கப்படுவதும், கடைசி வாரத்தில் கொஞ்சம் சீட்டு புதிதாக விற்பனைக்கு வருவதும் உண்டு.

விலை கூடிய சீட்டுதான் நல்ல சீட்டு என்று நினைக்க வேண்டியதில்லை. பொதுவாக மூன்று வகை இருக்கும்: மேடையை ஒட்டித் தடுப்பு கட்டிய முன்பகுதி, அதற்குப் பின்னால் நின்று பார்க்கும் பொதுப்பகுதி, விளையாட்டரங்கமாக இருந்தால் சுற்றிலும் உள்ள இருக்கைகள். முதல்முறை போகிறவருக்குப் பொதுப்பகுதியே போதும் என்பது என் கருத்து. காரணத்தைக் கீழே சொல்கிறேன். முழங்கால் வலியுள்ளவர்களும் குழந்தைகளை அழைத்து வருபவர்களும் இருக்கையே வாங்குவது நல்லது. மேடைக்கு நேர் பக்கவாட்டில் உள்ள இருக்கைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே பாதி மேடைதான் தெரியும்.

காதுக்கு என்ன செய்வது

இந்தப் பகுதியைத் தாவிவிட நினைப்பவர்கள் அதிகம், எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபெல் கணக்கு நாம் பள்ளியில் போடும் கூட்டல் கணக்குப் போன்றதன்று. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. அமெரிக்கத் தொழில் நலவாழ்வு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபெலில் 8 மணி நேரம் இருக்கலாம். 88இல் 4 மணி. 91இல் 2 மணி. இப்படியே பாதி பாதியாகக் குறைந்து 100 டெசிபெலில் வெறும் 15 நிமிடம்தான். ராக் கச்சேரியில் 100 டெசிபெல் என்பது சர்வசாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கென வெளியிட்ட வரையறையும் 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்றே சொல்கிறது. லண்டனின் சார்ல்டன் மைதானத்தில் 1976இல் தி ஹூ குழு 126 டெசிபெல் அளவில் வாசித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. அந்தக் குழுவின் கிடார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் செவித்திறன் இழப்போடும் காதிரைச்சலோடும் வாழ்வதைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

எனவே காதடைப்பான் வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சள் பஞ்சு அடைப்பான் காதைக் காப்பாற்றும். ஆனால் உச்ச ஒலிகளை அதிகமாகவும் கீழ் ஒலிகளைக் குறைவாகவும் வெட்டுவதால், போர்வைக்குள் இருந்து கேட்பது போலிருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று தனியாக விற்கும் சிலிக்கோன் அடைப்பான், எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் 15 முதல் 20 டெசிபெல் வரை தணிக்கும். சேர்ந்திசையின் சமநிலை கெடாது. 103 டெசிபெலில் 15ஐக் கழித்தால் 88. அந்த அளவில் 4 மணி நேரம் தாங்கும் காது, இரண்டு மணி நேரக் கச்சேரியைச் சிரமமின்றி கேட்டுவிட்டு வரும். முதல் பத்து நிமிடம் ஏதோ குறைவது போல் தோன்றும், பிறகு பழகிவிடும். சத்தத்தின் மூட்டத்துக்குள்ளிருந்து பாட்டின் சொற்கள் பிரிந்து கேட்கத் தொடங்கும்போது, இத்தனை நாள் இதை வைக்காமல் போனோமே என்று தோன்றும். போகும் நாளுக்கு முன் வீட்டிலேயே இரண்டு மூன்று முறை போட்டுப் பாருங்கள். ஒரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியைப் பின்புறமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் செருகினால்தான் சரியாக உட்காரும்.

கச்சேரி நாளுக்கு முந்தைய வாரங்கள்

பாட்டுகளைத் தெரிந்துகொண்டு போவது அவசியமா என்று கேட்டால், கர்நாடகக் கச்சேரிக்குக் கிருதி தெரியாமல் போவதைப் போலத்தான்: ரசிக்கலாம், கூடப் பாட முடியாது. ஒரு பயணத்தில் பெரும்பாலான குழுக்கள் ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வாசிக்கின்றன. முந்தைய ஊர்களில் வாசித்த பட்டியலைத் தேடியெடுத்து அதே வரிசையில் நான்கைந்து முறை கேட்டுவிட்டுப் போங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியாமலிருப்பதுதான் சுவை என்பவர்கள் இதை விட்டுவிடலாம். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

போகும் நாள்

வாயிலில் எதையெல்லாம் அனுமதிக்க மாட்டார்கள் என்ற பட்டியல் சீட்டோடு வரும். தண்ணீர்ப் புட்டி, குடை, பெரிய பை, தொழில்முறைக் கேமரா ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும். கைபேசி, அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம், காதடைப்பான், மழைக்காலமென்றால் மடித்தால் சட்டைப்பையில் அடங்கும் மழைக்கோட்டு: இவ்வளவு போதும். சீட்டின் படத்தைக் கைபேசியில் முன்கூட்டியே சேமித்து வையுங்கள், ஏனென்றால் மைதானத்தை நெருங்கும்போதே இணைய இணைப்பு திணறத் தொடங்கிவிடும். சில செயலிகள் படத்தை ஏற்காமல் நேரடிச் சீட்டையே கேட்கும். அப்படியானால் அறையை விட்டுக் கிளம்புமுன் செயலியில் அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலில் முழுதாக மூடிய, ஏற்கெனவே பழகிய ஷூ மட்டுமே போடுங்கள். சென்னையில் ஒரு கல்லூரி மைதானத்தில், முந்தைய நாள் மழையில் ஊறிய தரையில் நடந்த கச்சேரியின் முடிவில் விளக்குகள் எரிந்தபோது, சேற்றில் புதைந்து கிடந்த ஒற்றைச் செருப்புகளை எண்ணிப் பார்த்தேன். நான் நின்ற இடத்தைச் சுற்றி மட்டும் பதினொன்று இருந்தன, அவற்றில் ஒன்று என்னுடையது.

மதியம் வயிறு நிறைய, ஆனால் எண்ணெய் அதிகமில்லாமல் சாப்பிடுங்கள். தயிர்சாதத்துக்கு நிகரான கச்சேரி உணவு எதுவும் இல்லை. தண்ணீரைப் பிற்பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, நிற்கும் இடத்துக்குப் போகுமுன் கழிப்பறைக்குப் போய்வந்துவிடுங்கள். உள்ளே நுழைந்தவுடன் அவசர வழிகளையும் முதலுதவிக் கூடாரத்தையும் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூட வந்தவர்கள் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று ஓர் அசையாத பொருளைச் சுட்டிப் பேசிக்கொள்ளுங்கள். கைபேசி அழைப்பை நம்பினால் ஒருவரையொருவர் தேடியே கச்சேரி முடிந்துவிடும்.

எங்கே நிற்பது

உள்ளே நுழைந்ததும் மேடையைப் பார்க்காதீர்கள். திரும்பி, மைதானத்தின் நடுவே தடுப்பு கட்டி நிற்கும் கூடாரத்தைத் தேடுங்கள். மேடையிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, நேர் எதிரே இருக்கும் அந்தக் கூடாரத்தில்தான் மிக்ஸிங் கன்சோலும் அதை இயக்கும் சவுண்ட் இன்ஜினியரும் இருப்பார்கள். கிடார், டிரம்ஸ், குரல் ஒவ்வொன்றும் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அவர் தம் காதுக்கு வருவதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். ஆகவே அவருக்கு எது நன்றாகக் கேட்கிறதோ அதுவே உங்களுக்கும் கேட்க வேண்டுமானால், அவருக்குப் பக்கத்தில் நிற்பதைவிடச் சுலபமான வழி இல்லை. அந்தக் கூடாரத்தின் முன்தடுப்பில் முதுகைச் சாய்த்து நின்றால் பின்னாலிருந்து தள்ளுவார் யாரும் இல்லை, இடுப்புக்கும் ஆதரவு. என்னைப் போல் குள்ளமானவர்களுக்குத் தடுப்பின் அடிப்பலகை சில இடங்களில் நான்கு அங்குல உயரத்தையும் இலவசமாகக் கொடுக்கும்.

முன்வரிசையில் குரல் ஏன் கேட்பதில்லை என்பதற்கு, ஒலிபெருக்கிகள் தொங்கும் விதமே காரணம். மேடையின் இரு புறமும் வாழைக்குலை போல வளைந்து தொங்கும் ஒலிபெருக்கி வரிசை, மைதானத்தின் கடைசிவரை குரலையும் கிடாரையும் எறிவதற்காகவே உயரத்தில் கட்டப்படுகிறது. மேடையை ஒட்டி நிற்பவர்களின் தலைக்கு மேலாக அந்த ஒலி போய்விடுகிறது. தாழ்ந்த சுருதிகளைத் தரும் பெட்டிகளோ தரையிலேயே அடுக்கப்படுகின்றன. மேடை விளிம்பில் சிறு ஒலிபெருக்கிகளை வைத்து இதைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள், ஆனாலும் முன்வரிசைக்காரர் கேட்பது டிரம்ஸையும் தரையதிர்வையும்தான். பாடகரின் நெற்றி வியர்வையைப் பார்க்க வேண்டும், அவர் வீசியெறியும் கிடார் பிக்கை, அதாவது தந்தி மீட்டும் சிறு வில்லையைப் பிடிக்க வேண்டும் என்பவர்களுக்கு அது உகந்த இடம். இசைக்காகப் போகிறவருக்கு அன்று.

மிகவும் பின்னால் நின்றாலோ வேறொரு வேடிக்கை. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் பயணிக்கிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம்ஸின் அடி ஏறக்குறைய 0.3 நொடி கழித்தே வந்து சேரும், தூரத்தில் துவைப்பவர் துணியை அடித்தபின் சத்தம் வருவதைப் போல. பெரிய மைதானங்களில் இதற்காகவே பாதி தூரத்தில் கோபுரங்கள் நிறுத்தி, அவற்றின் ஒலியைக் கணக்கிட்டுத் தாமதப்படுத்தி, மேடையிலிருந்து வரும் ஒலியோடு ஒரே கணத்தில் சேரும்படி செய்கிறார்கள். அந்தக் கோபுரத்துக்குச் சற்று பின்னால் நின்றால் தொலைவிலும் சொற்கள் தெளிவாகக் கேட்கும். கோபுரத்துக்கு நேர்கீழே மட்டும் நிற்க வேண்டாம்.

நெரிசல்

கூட்டம் என்றால் நமக்குப் பழக்கம், தேர்த் திருவிழாவில் பார்க்காத கூட்டமா என்று நினைத்துத்தான் நானும் போனேன். ஆனால் எல்லோரும் ஒரே திசையில் அழுத்துகிற, முன்னால் தடுப்பு இருக்கிற கூட்டம் வேறு. டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் 2000 ஜூன் 30 அன்று அமெரிக்க ராக் குழுவான பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது, முன்பகுதியில் விழுந்தவர்கள் எழ முடியாமல் 9 பேர் இறந்தனர். பாடகர் பாட்டை நிறுத்தி எல்லோரையும் பின்னால் நகரச் சொன்னபோது காலம் கடந்திருந்தது. அதன்பின் அங்கே மேடைக்கு முன்னுள்ள பகுதியைத் தனித்தனித் தடுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளவோடுதான் ஆள்களை அனுமதிக்கிறார்கள்.

ஒரு சதுர மீட்டருக்கு 5 பேருக்கு மேல் நின்றால் ஆபத்து தொடங்குகிறது என்பது கூட்ட மேலாண்மை அறிந்தவர்களின் கணக்கு. அதை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை: கையை உயர்த்தி முகத்தைச் சொறிய முடியவில்லை என்றாலோ, நீங்கள் நகராமலே உடல் அலையில் போல் ஆடினாலோ, உடனே வெளியேறத் தொடங்குங்கள். கைகளைக் குத்துச்சண்டைக்காரரைப் போல் மார்புக்கு முன்னால் மடித்து வையுங்கள்; மூச்சு விட அந்த இடைவெளி தேவைப்படும். தள்ளுதலை எதிர்த்து முட்டாமல், அலை தணியும் கணங்களில் குறுக்காக, ஓரத்தை நோக்கி நகருங்கள். கைபேசி விழுந்தால் விழட்டும், குனியாதீர்கள். பக்கத்தில் ஒருவர் விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கிவிடுவது இந்தக் கூட்டத்தின் எழுதப்படாத சட்டம். வட்டமாக விலகி ஒருவர் மேல் ஒருவர் மோதி ஆடும் மாஷ் பிட்டிலும் அதுவே சட்டம். அதில் சேர விருப்பமில்லாதவர்கள், நடுவில் திடீரென்று ஒரு வட்டம் காலியாவதைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினால் போதும்.

விளக்குகள் அணைந்த பிறகு

முன்னோடிக் குழு முடித்து முக்கியக் குழு வருவதற்குள் அரைமணி நேரமாவது போகும். அந்த நேரத்தைக் கைபேசியில் கழிக்காமல் மேடையைப் பாருங்கள். கறுப்புச் சட்டை போட்ட மேடைப் பணியாளர்கள் வந்து டிரம்ஸை ஒவ்வொன்றாக அடித்துச் சரிபார்ப்பார்கள். பெரிய டிரம்மின் ஒற்றை அடி, பத்து நொடி மௌனம், மறுபடி ஒற்றை அடி என்று போகும்போது, காதடைப்பான் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள அதுவே நல்ல தருணம். பிறகு ஒருவர் முழங்காலிட்டு, பாட்டுப் பட்டியல் அச்சிட்ட தாளை ஒவ்வொரு கலைஞரின் காலடியிலும் ஒட்டுவார். தாள் ஒட்டியாயிற்று என்றால் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. பல குழுக்களுக்கு நுழைவிசை ஒன்று இருக்கும். மெட்டாலிக்கா 1983 முதல் இத்தாலிய இசையமைப்பாளர் எனியோ மொரிகோனேயின் திரையிசைத் துண்டு ஒன்றை ஒலிக்கவிட்ட பிறகே மேடையேறுகிறது. பெங்களூரில் அது தொடங்கியதும், அதுவரை தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்த கூட்டம் சொல்லில்லாத அந்த மெட்டை ஒரே தொண்டையாகப் பாடியது. என் காது அடைத்துப் போகுமுன் நான் தெளிவாகக் கேட்ட கடைசி இசை அதுதான்.

படம் எடுப்பதற்கென்று இரண்டு பாட்டை ஒதுக்கிவிட்டு மற்ற நேரம் கைபேசியைப் பையில் வையுங்கள். கோல்ட்பிளேயின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் ஒரு பாட்டுக்கு மட்டும் எல்லோரும் கைபேசியை உள்ளே வைக்கும்படி மேடையிலிருந்தே கேட்பது வழக்கம். அவர்கள் வாயிலில் தரும் ஒளிரும் கைப்பட்டைகளை, கச்சேரி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றால் வீட்டில் அது ஒளிராது.

கடைசிப் பாட்டு என்று சொல்லிக் குழு உள்ளே போனதும் கிளம்பிவிடாதீர்கள். விளக்குகள் இன்னும் அணைந்தே இருந்தால் அவர்கள் திரும்பி வருவார்கள், மிகப் புகழ்பெற்ற பாட்டை அநேகமாக அதற்கென்றே மிச்சம் வைத்திருப்பார்கள். மைதான விளக்குகள் எரிந்து, ஒலிபெருக்கியில் வேறு யாருடைய பாட்டோ ஓடத் தொடங்கினால்தான் முடிந்தது என்று பொருள். நம் நாட்டுத் திறந்தவெளிக் கச்சேரிகளில் இது பெரும்பாலும் இரவு 10 மணிக்குள் நடந்துவிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கியை அனுமதிப்பதில்லை, மாநில அரசு விலக்கு அளிக்கும் சில நாள்கள் நீங்கலாக. வெளிநாட்டுக் குழுக்கள் இங்கே சொன்ன நேரத்துக்கு மேடையேறுவதற்கு அதுவும் ஒரு காரணம், எனவே தாமதமாகத்தான் தொடங்குவார்கள் என்று நம்பி எட்டரைக்குப் போய்ச் சேராதீர்கள்.

வெளியேறும்போது

முடிந்தவுடன் எல்லோரும் ஒரே வாயிலை நோக்கி நடப்பார்கள். நீங்கள் நடக்காதீர்கள். இருபது நிமிடம் அதே தடுப்பில் சாய்ந்து நில்லுங்கள். ஒலிபெருக்கி வரிசை சங்கிலியில் மெல்ல இறங்குவதையும், சற்று முன்வரை மலைபோல் தெரிந்த டிரம்ஸ் மேடை இரண்டாகப் பிரிந்து சக்கரத்தில் உருண்டு போவதையும் பார்க்கலாம். மைதான வாசலில் வாடகைக் காருக்கு முயலாமல் ஒரு கிலோமீட்டராவது நடந்துவிட்டு அழையுங்கள், கட்டணமும் குறையும், வண்டியும் வந்து சேரும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இரவு பதினோரு மணி ரயிலில் முன்பதிவு செய்ய வேண்டாம். பெங்களூரில் நாங்கள் நால்வரும் அப்படிச் செய்து, கன்டோன்மென்ட் நிலைய நடைமேடைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தபோது, வண்டியின் சிவப்பு விளக்கைத்தான் பார்த்தோம். மறுநாள் காலை வண்டிக்குப் பதிவு செய்துகொண்டு, நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுங்கள். படுக்குமுன் காலை வெந்நீரில் பத்து நிமிடம் வைத்திருங்கள்.